முன்பல்லும் முதமாலையும்

செங்கட்டாங்குளத்துக்கு ரோடு வராத காலம். ரோடு என்ன ரோடு, காலுல செருப்புப் போட்டவனே ஊருக்குள்ள ரெண்டு பேருதான்னு சொல்லுவாவ. மேக்க மலை, கிழக்க குளம், நடுவுல முப்பது வீடு. அந்த முப்பதுல ஒரு வீட்டுல எங்க ஐயாவோட ஐயாவுக்கு ஐயா ஒருத்தரு இருந்தாராம். பேரு குத்தாலிங்கம். ஊருல எத்தனையோ பேரு வீரத்துனால பேரு வாங்கியிருப்பாவ, தானதருமத்துனால பேரு வாங்கியிருப்பாவ. எங்க ஆளு பொறாமையினால பேரு வாங்கினவரு. நான் மறைக்க மாட்டேன். என் ரத்தத்துலயும் அதுதான ஓடுது.

குத்தாலிங்கத்துக்குத் தொழில் வெவசாயம். உசுரு மட்டும் துப்பாக்கியில. அவரு அப்பன் விட்டுட்டுப் போன நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு. வாய் வழியா மருந்தைப் போட்டு, தேங்கா நாரை வச்சு, குண்டைப் போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கிற துப்பாக்கி. அதைக் காலையில ஒருதரம் கழட்டுவாராம், சாயந்தரம் ஒருதரம் கழட்டுவாராம். கொல்லையில புளியமரத்துக்கு அடியில சாக்கை விரிச்சு, அரம், குறடு, சாணைக்கல்லு, எண்ணெய்த் துணி எல்லாத்தையும் வரிசையா வச்சுக்கிட்டு உக்காந்தா, கஞ்சி ஆறிப்போவும், மாடு கத்தும், மனுசன் எந்திரிக்க மாட்டாரு. துப்பாக்கிக் கட்டையை மூணு தரம் மாத்தினாராம். மொதல்ல வேம்பு. கனமா இருக்குன்னு வாகை. வாகை தோளுல குத்துதுன்னு தேக்கு. விசையை இழுத்தா வந்து, மருந்தைப் பத்த வைக்கிற கேப்பு மேல அடிக்கிற சுத்தியலுக்குக் குதிரைன்னு பேரு. அந்தக் குதிரையை அரத்தால ராவி ராவி, விரலு பட்டாலே விழுற மாதிரி பதமா வச்சிருந்தாராம்.

அவரு பொண்டாட்டி ஆவுடையம்மா சொல்லுவாளாம், "நான் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருசம் ஆச்சு. என் முகத்தைக் கூட இம்புட்டு நேரம் உத்துப் பாத்தது கிடையாது."

"உன் முகத்துல துரு ஏறாதுட்டி"ம்பாராம் இவரு.

இம்புட்டுப் பாடுபட்டவருக்கு மிளா விழுந்துச்சான்னு கேளுங்க. விழல. முயலு விழுந்துச்சு, கவுதாரி விழுந்துச்சு. ஒருதரம் பக்கத்து வீட்டுப் பித்தளைப் பானை விழுந்துச்சு. மிளா மட்டும் விழல. மிளான்னா சின்ன மான் இல்ல, கேட்டியளா. கொம்பு கிளை விட்டு, எருமை உசரத்துக்கு நிக்கிற மான்.

மிளா விழாம என்ன கெட்டுப்போச்சுன்னு நினைப்பிய. சொல்லுதேன். எங்க ஊருச் சாமி தளவாய்மாடனுக்குப் பங்குனியில கொடைத் திருவிழா. கொடைக்கு மொதநாளு ஊரு ஆம்பளைங்க மொத்தமும் மலை ஏறும். எவன் குண்டு மிளாவைச் சாய்ச்சுதோ, அவனுக்குத்தான் முதமாலை. மாடன் கழுத்துல கிடந்த மாலையை நேரா எடுத்து அவன் கழுத்துல போடுவாவ. அந்த நிமிசம் ஊரு மொத்தமும் எந்திரிச்சு நிக்கும். வயசானவனும் எந்திரிப்பான், பகையாளியும் எந்திரிப்பான். குத்தாலிங்கத்துக்கு வேற எந்த ஆசையும் கிடையாது. அந்த மாலை ஒருதரம் தன் கழுத்துல விழணும், அம்புட்டுதான்.

சரி, ஏழெட்டுப் பேரு சுடுற இடத்துல எவன் குண்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது? அதுக்குத்தான் கடி. கெட்டிக்கதுக்கு முந்தி ஒவ்வொருத்தனும் தன் ஈயக்குண்டை முன்பல்லால ஒரு கடி கடிக்கணும். ஈயம் இளசு, பல்லுத் தடம் பதிஞ்சிரும். கடிச்ச பக்கம் மருந்தைப் பாத்து இருக்கணும், கடிக்காத பக்கம் மானைப் பாத்து இருக்கணும். அப்பதான் முன்பக்கம் எலும்புல நசுங்கினாலும் பின்பக்கத்துல தடம் நிக்கும். ஊருக்குள்ள கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன் எவனும் கிடையாது. பல்லுதான் கையெழுத்து.

நாலு வருசமா அந்த மாலை ஒரே கழுத்துலதான் விழுந்துச்சாம். யாரு கழுத்துல? உச்சிமாகாளி கழுத்துல. யாரு இந்த உச்சிமாகாளி? ஆவுடையம்மாளோட தங்கச்சி புருசன். குத்தாலிங்கத்துக்குச் சகலப்பாடி. வேற எவனாவது வாங்கியிருந்தா கூட மனுசன் பொறுத்திருப்பாரு. சகலப்பாடி வாங்கினா எப்படிப் பொறுப்பாரு?

வயிறு எரிஞ்சுதாம். எரியாதா பின்ன?

அந்த உச்சிமாகாளி துப்பாக்கியைப் பாக்கணுமே. அடுப்படியில முளையில தொங்குமாம். புகை படிஞ்சு கருகருன்னு கிடக்குமாம். கட்டை வெடிச்சதுக்குச் செம்புக்கம்பியைச் சுத்தி வச்சிருப்பானாம். எண்ணெய் போட மாட்டான், துடைக்க மாட்டான். வருசத்துக்கு ஒருதரம் எடுப்பான், ஊதுவான், கெட்டிப்பான், சுடுவான், மிளா விழும். சின்ன வயசுல துப்பாக்கி உதைச்சதுல மேல்வரிசையில நட்டநடு முன்பல்லு ஒண்ணு போயிருச்சு அவனுக்கு. சிரிச்சா ஓட்டை தெரியும். எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பானாம், சவத்துப்பய.

இதுல மாமனாரு வேற. மாமனாரு கோமதிநாயகம்தான் ஊருக்கு நாட்டாமை. ரெண்டு மருமவனும் பந்தியில உக்காந்தா, "எங்க சின்ன மருமவனுக்கு ஈரலை எடுத்து வைங்க, மாலை வாங்குன கழுத்துல்லா"ம்பாராம். பெரிய மருமவன் பக்கத்து எலையில உக்காந்து ரசத்தைக் குடிச்சுக்கிட்டு இருப்பாரு. ஒருதரம் மாமனாரு அவரு பக்கம் திரும்பி, "பெரிய மாப்பிள்ளை, உங்க துப்பாக்கி நல்லா மினுங்குது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடலாம்"னாராம். பந்தி மொத்தமும் சிரிச்சுச்சாம். உச்சிமாகாளி மட்டும் சிரிக்கல. "அப்படிச் சொல்லாதீங்க மாமா, அண்ணாச்சி கைப்பக்குவம் யாருக்கும் வராது"ன்னானாம்.

அதுதான் இவருக்கு ரொம்ப எரிஞ்சுது. கெட்டவனா இருந்தா திட்டலாம். நல்லவனா இருக்கவனை என்ன செய்யது?

துப்பாக்கியில குறை இல்ல, அப்ப குண்டுலதான் என்னமோ இருக்குன்னு நினைச்சாராம் குத்தாலிங்கம். அந்த வருசம் மழை விட்டதுல இருந்து அவருக்கு அதே வேலை. குளத்தங்கரைப் பனையோட அடிமூட்டுல சுண்ணாம்பால பொட்டு வச்சு, அறுவது அடி தள்ளி உக்காந்து ஒவ்வொண்ணா சுட்டுப் பாத்தாராம். பொடி ரவை போட்டுப் பாத்தாரு. அது முயலுக்குச் சரி, மிளாவுக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரி இருக்கும். பட்டாணி ரவை ஒம்பது போட்டுப் பாத்தாரு. அது சிதறிப் போவும், மானு காயத்தோட ஓடி எங்கயோ புதருல கிடந்து மூணு நாளு செத்துக்கிட்டு இருக்கும். அந்தப் பாவம் வேண்டாம்னு விட்டாரு. அதுல அவரு நியாயமான ஆளு, அதையும் சொல்லணும்லா. ஒத்தைக் குண்டுதான், ஒரே சாவுதான்னு முடிவு பண்ணாரு. அதுலயும் குழலுக்கு இறுக்கமா ஒண்ணு, தளர்ச்சியா ஒண்ணு, தேங்கா நாரு வச்சு ஒண்ணு, பழஞ்சீலைத் துணி வச்சு ஒண்ணு. ஆவுடையம்மா கொடியில காயப்போட்ட சீலையில மூலைக்கு மூலை காணாமப் போச்சாம். எத்தனை மாத்தினாலும் குண்டு பொட்டுக்கு ஒரு சாணு இடதுபக்கம்தான் போயி ஏறுமாம்.

பொறுக்க மாட்டாம ஒருநாளு உச்சிமாகாளிகிட்டயே கேட்டுட்டாரு. கேக்கதுக்கு நாக்கு கூசுது. கூசினாலும் கேட்டாரு. "தம்பி, நீ குண்டுக்கு என்னதான் செய்யுத?"

உச்சிமாகாளி தலையைச் சொறிஞ்சானாம். "நான் என்னத்த அண்ணாச்சி செய்யப்போறேன்? வாயில போட்டுக் கடிப்பேன், போட்டுச் சுடுவேன்."

பாவம், அவன் உள்ளதைத்தான் சொன்னான். ஆனா பொறாமை பிடிச்சவன் காதுல உள்ளது உள்ளபடி விழுமா? "கள்ளப்பய மறைக்கான். மறைச்சாலும் வாய் தவறி வந்துட்டு. கடிப்பேன்னான்லா. கடியிலதான் சூட்சுமம் இருக்கு"ன்னு நினைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாராம்.

மாடன் கோயில்ல ஒரு மண்கலயம் உண்டு. விழுந்த மிளாவுல இருந்து எடுத்த குண்டு எல்லாம் அதுல கிடக்கும். மறுநாளு கோயிலைக் கூட்டுறேன்னு போனாரு. இதுக்கு முந்தி ஒருநாளும் வாரியலைத் தொட்டது கிடையாது. கலயத்துல இருந்து உச்சிமாகாளி குண்டை எடுத்து வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இந்தப் பக்கம் ஒரு பல்லுத் தடம், அந்தப் பக்கம் ஒரு பல்லுத் தடம், நடுவுல பல்லு படாத இடம் மேடா நிக்கு. மடியில இருந்து தன் குண்டு ஒண்ணை எடுத்துக் கடிச்சு, அதே மாதிரி பாத்தாரு. பல்லு வரிசையாப் பதிஞ்சு, தட்டையா இருக்கு, மேடு இல்ல.

"மேடு! மேடுதான் குண்டை நேரா இழுத்துட்டுப் போவுது!"ன்னு கோயிலுக்குள்ளயே கத்திட்டாராம்.

வீட்டுக்கு ஓடியாந்து ஒரு குண்டுல அரத்தால ராவி, அதே மாதிரி மேடு விட்டு, பனை மூட்டுக்குப் போயிச் சுட்டாரு. பட்டுச்சு! பொட்டுக்கு நடுவுல பட்டுச்சு! இன்னொண்ணு சுட்டாரு. அதுவும் பட்டுச்சு!

இங்கன ஒரு சேதி சொல்லணும். அன்னைக்குக் காலையில துப்பாக்கியைக் கழட்டுனப்ப, குழல் நுனியில குறி பாக்கதுக்கு வச்ச மணி ஒரு நெல்லு அளவுக்குச் சாஞ்சிருக்குன்னு பாத்து, குறட்டால நிமித்தி வச்சவரும் அவருதான். பல வருசமாச் சாஞ்சு கிடந்த மணி. அதை நிமித்தினதுனால குண்டு நேரா வந்துச்சுன்னு அவருக்குத் தோணவே இல்ல. தன் கையில இருக்க பக்குவம் கண்ணுக்குத் தெரியல. சகலப்பாடி வாயில இருக்க ஓட்டைதான் தெரிஞ்சுது.

அரத்தால ராவுன குண்டைக் கொண்டுட்டு வேட்டைக்குப் போவ முடியாது. ஊரு வழக்கம் பல்லுக்குத்தான். அப்ப மேடு வேணும்னா என்ன வேணும்? ஓட்டை வேணும். ஓட்டை வேணும்னா என்ன செய்யணும்?

உச்சிவெயில்ல ஆவுடையம்மா கஞ்சியைத் தூக்கிட்டுக் கொல்லைக்கு வாரா. புளியமரத்தடியில மனுசன் வாயைப் பிளந்துக்கிட்டு, துப்பாக்கி கழட்டுற குறட்டை வாய்க்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு.

"என்ன செய்யுதீய?"

குறட்டை வெளிய எடுத்துட்டு, "பல்லு"ன்னாரு.

"பல்லு வலிக்கா?"

"வலிக்கல."

"ஆடுதா?"

"ஆடலட்டி."

"பின்ன என்னத்துக்கு நல்ல பல்லைப் புடுங்குதீய?"

"அவனுக்கு இல்லல்லா!"

"அவனுக்கு இல்லாததுக்கு உங்களுக்கு ஏன் போவணும்?"

"அவனுக்கு இல்லாததுதான்டி எனக்கு வேணும்!"

சொல்லிட்டுக் குறட்டை மறுபடியும் வாய்க்குள்ள விட்டு, காலை மரத்துமேல ஊணி, ஒரே இழுப்பு. கேட்ட சத்தத்துல மரத்துல இருந்த கொக்கு எல்லாம் பறந்துச்சாம். ஆவுடையம்மா கஞ்சிச் சட்டியைக் கீழ போட்டுட்டாளாம். ஊருல எல்லாரும் அடுத்தவன்கிட்ட இருக்கதைப் பாத்துத்தான் பொறாமைப்படுவாவ. அடுத்தவன்கிட்ட இல்லாததைப் பாத்துப் பொறாமைப்பட்டது எங்க ஆளு ஒருத்தருதான். அன்னையில இருந்துதான் எங்களுக்குப் பொக்கப்பல்லு வீடுன்னு பேரு. ரேசன் கார்டுல கிடையாது. ஆனா பஸ்ஸை விட்டு இறங்கி அப்படிக் கேட்டாத்தான் வழி சொல்லுவாவ.

கேட்டவங்ககிட்ட எல்லாம் ஆட்டுக்கிடா முட்டிட்டுன்னு சொன்னாராம். உச்சிமாகாளி ஓடியாந்தான். "அண்ணாச்சி, உப்புத்தண்ணி போட்டுக் கொப்புளிங்க. எனக்குப் போனப்ப பத்து நாளு சோறு திங்க முடியல. காத்து பட்டா கூசும், துணியைச் சுத்திக்கிடுங்க"ன்னு பக்கத்துல உக்காந்து கிராம்பை நசுக்கிக் குடுத்தானாம். குடுத்ததை வாங்கி வாயில வச்சுக்கிட்டு, மனசுக்குள்ள அவனைத் திட்டிக்கிட்டு இருந்தாராம் குத்தாலிங்கம். பாருங்க, கிராம்பு வாங்குற வாயிலயே வசவும் இருக்கு.

வந்துச்சு பங்குனி. வந்துச்சு வேட்டை.

விடிஞ்சதும் ஊரு மலை ஏறுச்சு. தப்பு மேளம் அடிச்சு மிருகத்தை விரட்டுறவங்க ஒரு பக்கம், துப்பாக்கிக்காரங்க ஒரு பக்கம். மாமனாரு ஆளுக்கு ஒரு இடம் காட்டினாரு. உச்சிமாகாளிக்கு மேல ஆத்து முக்கு. குத்தாலிங்கத்துக்கு அதுக்குக் கீழ ஒரு மொட்டைப் பாறை. மத்தவங்க எல்லாம் அந்தாண்டை ஓடைக்குள்ள. எல்லாருக்கும் முன்னால குண்டைக் கடிச்சாவ. குத்தாலிங்கம் கையால வாயை மறைச்சுக்கிட்டுக் கடிச்சாரு. புதுசா வந்த ஓட்டையில ஈயம் போயி உக்காந்தப்ப உடம்பு புல்லரிச்சுதாம்.

வெயிலு ஏறி நடுமத்தியானம் ஆச்சு. தப்புச் சத்தம் நெருங்கி வந்துச்சு. திடீர்னு ஓடையைத் தாண்டி ஒரு மிளா. கொம்பு மட்டும் ரெண்டு முழம். பாறைக்கு நேரா வந்து, ஒரு கணம் நின்னு, காதைத் தூக்கிச்சு. குத்தாலிங்கம் மூச்சைப் பிடிச்சாரு. விசையைத் தொட்டாரு. அந்தக் குதிரை விழுந்த மாதிரி எந்தக் குதிரையும் விழுந்திருக்காது.

டமார்!

உடனே மேல இருந்து இன்னொண்ணு. டமார்!

மருந்துப் புகை கண்ணை மறைச்சிட்டு. புகை விலகிப் பாத்தா மிளாவைக் காணோம். தன் குண்டு பட்டுதா, போச்சான்னு அவருக்கே தெரியாது. முப்பது அடிக்குக் கீழ புதருல விழுந்து கிடந்துச்சுன்னு தப்பு அடிக்கவங்கதான் கூவினாவ. "ரெண்டு வெடி கேட்டுச்சு! ரெண்டு பேரும் சுட்டுட்டாவ!"ன்னு அவங்களே கத்தினாவ.

மிளாவைக் கட்டித் தூக்கிட்டு, வெயிலு சாய முந்தி மாடன் கோயிலுக்கு வந்தாச்சு. பொம்பளைங்க குலவை போட்டாவ. உடம்புல ஒரே ஒரு ஓட்டை. முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால, நெஞ்சுல. மாமனாரு கத்தியை விட்டுத் தோண்டி, குண்டை எடுத்து, தண்ணியில கழுவி, தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. இந்தப் பக்கம் ஒரு தடம், அந்தப் பக்கம் ஒரு தடம், நடுவுல மேடு.

"வேற யாரு? எங்க சின்ன மருமவன்தான்!"ன்னாரு.

குத்தாலிங்கம் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு முன்னால வந்தாரு. "மாமா, நல்லாப் பாருங்க. அது என் பல்லு!"ன்னு வாயைப் பிளந்தாரு.

ஊரே எட்டிப் பாத்துச்சு. ஓட்டை. உச்சிமாகாளியை வாயைத் திறக்கச் சொன்னாவ. அதே ஓட்டை. ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு புதுக்குண்டு குடுத்துக் கடிக்கச் சொன்னாவ. ரெண்டும் ஒரே தடம். மாமனாரு மூணு குண்டையும் உள்ளங்கையில வச்சு உருட்டுதாரு, ஒண்ணும் விளங்கல. "ஏம் மாப்பிள்ளை, அவன் கையெழுத்து மாதிரியே கையெழுத்துப் போட்டு வச்சிருக்கீரே, இப்ப நான் யாருக்குன்னு தீர்ப்புச் சொல்ல?"ன்னாராம். அப்பதான் ஊருக்குப் புரிஞ்சுது, முட்டினது ஆட்டுக்கிடா இல்லன்னு. யாரோ ஒருத்தன் சிரிச்சான். ஊரு சிரிச்சுச்சு. குத்தாலிங்கத்துக்குக் காது மடலு எல்லாம் சூடாயிட்டு.

அப்ப உச்சிமாகாளி சொன்னான். "மாமா, இதுல என்ன வழக்கு? நான் சுடவே இல்ல. விசையை இழுத்தேன், குதிரை விழுந்துச்சு, கேப்பு பத்தல. அது அண்ணாச்சி குண்டுதான். மாலையை அவருக்குப் போடுங்க."

"ரெண்டு வெடி கேட்டுச்சேப்பா"ன்னாவ தப்பு அடிக்கவங்க.

"எனக்கும்தான் கேட்டுச்சு. ஆனா நான் சுடல."

மாமனாருக்குக் கண்ணு கலங்கிட்டு. உச்சிமாகாளி தோளுல கையைப் போட்டு ஊரைப் பாத்துச் சொன்னாரு: "பாத்தியளா எங்க சின்ன மருமவன் மனசை! சகலப்பாடி முகம் வாடக் கூடாதுன்னு, தான் அடிச்ச மிளாவை விட்டுக் குடுக்கான். இந்த மனசு யாருக்கு வரும்?"

ஊரு மொத்தமும் ஆமா ஆமான்னுச்சு.

வயிறு எரிஞ்சுதாம். எரியாதா பின்ன? ஜெயிச்சாலும் அவன் பெரியவன், தோத்தாலும் அவன் பெரியவன். மாலையை வாங்கினா, சகலப்பாடி போட்ட பிச்சையைக் கழுத்துல தொங்க விட்ட மாதிரி. பட்டுச்சா படலையான்னு இவருக்கே தெரியாது. ரெண்டாவது வெடியைத் தன் காதாலயே கேட்டவரு. அப்ப அவன் குண்டுதான். அவன் பொய் சொல்லுதான். நல்லவனா நடிக்கான். இப்படி ஒண்ணு மேல ஒண்ணா ஏறி மனுசன் தலைக்குள்ள நெருப்புப் பிடிச்சிட்டு.

பூசாரி கையில இருந்த மாலையைப் பிடுங்கினாரு. யாரும் எதிர்பாக்கல. பிடுங்கி, உச்சிமாகாளி கழுத்துல எறிஞ்சாரு. மாடன் முன்னால எரிஞ்ச சூடத்தைக் கையால அடிச்சு அணைச்சாரு.

"தளவாய்மாடா, கேட்டுக்கோ! உன் முதமாலை என் கழுத்துலயும் ஏறாது, என் பிள்ளைகுட்டி கழுத்துலயும் ஏறாது! என் வம்சத்துல எவன் மிளா அடிச்சாலும் சரி, மாலை இந்த உச்சிமாகாளி வீட்டுக்குத்தான்! அவனே வச்சுக்கிடட்டும்! போதுமா? போதுமா எல்லாருக்கும்?"

ஓட்டைப்பல்லு வழியா பாதி காத்துதான் வந்துச்சாம். ஆனா ஆணை முழுசா வந்துட்டு. சூடம் அணைச்சுப் பண்ணுன ஆணை. அதைத் திருப்ப முடியாது.

அப்ப பொம்பளைங்க கூட்டத்துல இருந்து ஆவுடையம்மா வந்தா. பதினோரு வருசம் துப்பாக்கியைப் பாத்துக்கிட்டே கஞ்சி ஊத்துனவ, அவளுக்கும் கொஞ்சம் தெரியும்லா. "சுட்டுதா சுடலையான்னு துப்பாக்கியைக் கேளுங்க. அது குழலுக்குள்ள கம்பியை விட்டுப் பாருங்க"ன்னா.

உச்சிமாகாளி துப்பாக்கியைக் கொண்டாந்தாவ. கேப்பை எடுத்துட்டு, குழலுக்குள்ள இடிகம்பியை விட்டாவ. வெறுங்குழலா இருந்தா கம்பி முழுசும் உள்ள போயி மறையணும். நாலு விரலு உசரத்துக்கு வெளிய நிக்குது. உள்ள மருந்து இருக்கு. நாரு இருக்கு. குண்டு இருக்கு. திருகுக்கம்பியை விட்டு, திருகி, மெல்ல இழுத்தாவ. உருண்டு வந்து விழுந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு தடம், அந்தப் பக்கம் ஒரு தடம், நடுவுல மேடு. காலையில கடிச்ச கடி, அப்படியே பளபளன்னு.

அவன் சொன்னது அம்புட்டும் நெசம். அடுப்புப் புகையில தொங்கி, எண்ணெயே காணாத துப்பாக்கி, அன்னைக்குப் பத்தவே இல்ல. புளியமரத்தடியில நித்தம் ரெண்டுதரம் கழட்டி மாட்டுன துப்பாக்கிதான் சுட்டுது. ரெண்டாவது வெடி? அந்த மொட்டைப் பாறையில நின்னு என்ன சத்தம் போட்டாலும் எதிர்மலை திருப்பிச் சொல்லும். அன்னைக்கு வரைக்கும் அங்கன நின்னு எவனும் சுட்டது இல்ல, அதனால எவனுக்கும் தெரியல. இப்ப அதுக்கு ரெட்டைவெடிப் பாறைன்னு பேரு. ஆடு மேய்க்கவங்ககிட்டக் கேட்டா காட்டுவாவ.

உச்சிமாகாளி கழுத்துல இருந்த மாலையைக் கழட்டப் போனான். "அண்ணாச்சி, நான்தான் அப்பவே சொன்னேம்லா"ன்னான். அழுதான்னும் சொல்லுவாவ.

மாமனாரு அவன் கையைப் பிடிச்சுத் தடுத்தாரு. "வேண்டாம்பா. உங்க அண்ணாச்சி பண்ணுன ஆணை மாடன் காதுல விழுந்துட்டு."

குத்தாலிங்கம் நாக்கு அந்த ஓட்டைக்குள்ள போயிப் போயி வந்துச்சாம். ஆவுடையம்மா அவரு கையைப் பிடிச்சு, "வாங்க, வீட்டுக்குப் போவோம்"னா. அம்புட்டுதான் சொன்னா.

அதோட முடிஞ்சா பரவாயில்லையே. அதுக்கு அடுத்த வருசமும் குத்தாலிங்கம் குண்டுதான் மிளாவை அடிச்சுது. அதுக்கு அடுத்த வருசமும் அவருதான். பன்னெண்டு வருசம், ஒரு வருசம் விடாம. இந்த மலையில அப்படி ஒரு சுடுகாரன் பிறக்கவே இல்லன்னு மலைக்கு அந்தாண்டை மலையாளத்துல கூடப் பேசிக்கிட்டாவளாம். பன்னெண்டு வருசமும் பூசாரி மாலையை எடுத்து அவரு கையில குடுப்பாரு. அவரு கையால உச்சிமாகாளி கழுத்துல போடுவாரு. ஊரு எந்திரிச்சு நிக்கும். யாருக்காக எந்திரிச்சுதுன்னு அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கழுத்து மட்டும் வேற. எல்லாம் அந்தப் பல்லுனால வந்த குறின்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாராம். எம்மாடி, அது பல்லு இல்ல, உன் அரமும் குறடும்னு சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சே.

இப்ப மானைத் தொட்டா ஜெயிலு. துப்பாக்கியும் போச்சு, வேட்டையும் போச்சு. பச்சரிசி மாவுல மிளா பண்ணி வச்சு, எங்க வீட்டு ஆம்பளை ஒருத்தன் ஒரு வெடியைக் கொளுத்திப் போடுவான். மாவு மிளாவை வெட்டிப் பிரசாதமாக் குடுப்பாவ. பூசாரி "பொக்கப்பல்லு வீடு!"ன்னு மூணுதரம் கூப்பிட்டு முதமாலையை நீட்டுவாரு. எங்க ஆளு ரெண்டு கையாலயும் வாங்குவான். வாங்கி, நாலு எட்டு நடந்து, உச்சிமாகாளி வம்சத்துல யாரு நிக்கானோ அவன் கழுத்துல போடுவான். வெளியூருக்காரவ எல்லாம் என்ன பெருந்தன்மை, என்ன ஒத்துமைன்னு போட்டோ பிடிச்சுட்டுப் போறாவ.

பெருந்தன்மையாவது ஒண்ணாவது. போன வருசம் மாலை போட்டது என் தம்பி. வாங்கிக்கிட்டவன் மெட்ராசுல ஏசி ரூமுல வேலை பாக்கான், மாடன் எந்தப் பக்கம் பாத்து நிக்காருன்னு கூடத் தெரியாது. கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கான். என் தம்பி மாலையைத் தூக்குதான். நான் பின்னால இருந்து குலவை போடுதேன். வாயி குலவை போடுது, வயிறு எரியுது. எரியாதா பின்ன? அது எங்க மாலை.